விழுக்காடு சமமானால் சுமை சமமா?

அளவு வேறுபட்ட வட்டுகள் கலந்திருக்கும் சேமிப்பு அரே ஒன்றில் எல்லா வட்டுகளும் ஒரே விழுக்காட்டில் நிரம்பியிருந்தால் அது சமநிலையில் இருக்கிறது என்பது சர்வர் அறைகளில் ஏறக்குறைய வேதவாக்கு. நிர்வாகத் திரையில் பட்டைகள் ஒரே உயரத்தில் பச்சையாக நிற்கும். பார்ப்பவருக்கு மனம் குளிரும். அந்தப் பட்டைகளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எந்த வட்டில் எவ்வளவு இடம் போயிருக்கிறது. எந்த வட்டு எவ்வளவு உழைக்கிறது, எந்த வட்டு செத்தால் மீட்க எத்தனை மணி நேரம் ஆகும் என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, 4 டெராபைட் வட்டுகளும் 16 டெராபைட் வட்டுகளும் கலந்த இடத்தில் விழுக்காட்டைச் சமமாக்குவதே சுமையைக் கோணலாக்குகிறது.

இடத்தை வைத்துச் சுமையைப் பிரிக்கக் கூடாது என்ற இந்தக் கணக்கு பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே தெரியும். கோலகங்சாரில் 1877-இல் நட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அதற்குப் பின் மாநிலம் முழுக்கப் பரவிய தோட்டங்களில் பலவும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போய்விட்டன. ஆனாலும் நிரை பிரித்த முறை மூத்தவர்களின் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஓர் ஆளுக்கு இத்தனை மரம் என்று விடும்போது ஏக்கரைப் பார்த்து விடுவதில்லை. சமநிலத்தில் ஓர் எண்ணிக்கை, மேட்டு நிலத்தில் அதைவிடக் குறைவு. அங்கே அளவுகோல் நிலமல்ல, காலைப் பொழுது. இருட்டில் நெற்றி விளக்கோடு ஒரு மரத்தின் முன் நின்று, கோட்டில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்தெடுத்து, உளியை ஒரே சீராக இழுத்து, மங்கைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதற்குள் 500 மரம் சீவக்கூடிய ஒருவர் பெயரில் 2,000 மரத்தை எழுதிவிட்டு, நிரை பெரிது, பாலும் பெருகும் என்று எந்தக் கிராணியும் கணக்கு எழுத மாட்டார்.

சேமிப்பு அரேயில் அந்தக் கணக்கைத்தான் எழுதுகிறார்கள்.

சுழலும் வன்தட்டு ஒன்றின் காலைப் பொழுது எவ்வளவு என்று பார்க்கலாம். நிறுவனங்களில் ஓடும் பெரிய வட்டுகள் நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்பவை. ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிநொடி. தேடும் இடம் தலையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லிநொடி ஆகும். அதற்கு முன் கை சரியான தடத்துக்கு நகர ஏறத்தாழ 8 மில்லிநொடி. கூட்டினால் ஒரு வேண்டுகோளுக்கு 12 மில்லிநொடி சொச்சம். அங்கும் இங்குமாக வரும் வேண்டுகோள்களில் நொடிக்கு 80 தேறும். 4 டெராபைட் வட்டுக்கும் இதே 80. 16 டெராபைட் வட்டுக்கும் இதே 80. பெரிய வட்டில் தகடுகள் கூடுதல், தடங்கள் நெருக்கம், உள்ளே காற்றுக்குப் பதில் ஹீலியம். ஆனால் எல்லாத் தலைகளையும் சுமந்து நகரும் கை ஒன்றுதான். இரண்டு கை வைத்த வட்டுகளும் சந்தையில் உண்டு, அவை விதிவிலக்கு. ஆக, சிறிய வட்டில் ஒரு டெராபைட்டுக்கு நொடிக்கு 20 வேண்டுகோள் கிடைக்கிறது. பெரியதில் 5.

இனி ஒரு பெட்டியைக் கண்முன் வைக்கலாம். 4 டெராபைட் வட்டுகள் எட்டு ஓடிக்கொண்டிருக்கின்றன. மொத்தம் 32 டெராபைட், நொடிக்கு 640 வேண்டுகோள். இடம் போதவில்லை என்று 16 டெராபைட் வட்டுகள் நான்கை வாங்கிச் செருகுகிறார்கள். மொத்தம் 96 டெராபைட். விழுக்காடு சமமாகத் தரவு பரப்பப்படுகிறது. பாதுகாப்புக்காகக் கூடுதல் நகல் வைக்கும் செலவை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டால், தரவில் மூன்றில் இரண்டு பங்கு அந்த நான்கு பெரிய வட்டுகளில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றும் ஆறில் ஒரு பங்கைச் சுமக்கிறது. எல்லாத் தரவும் ஒரேபோலத் தேவைப்படுகிறது என்றால், வரும் வேண்டுகோளில் ஆறில் ஒன்று அதனிடம் போய் நிற்கும். அது நொடிக்கு 80-ஐத்தான் தாங்கும். ஆகவே முழு அரேயும் 480-க்கு மேல் போகாது. அந்த நேரத்தில் சிறிய வட்டு ஒவ்வொன்றும் நொடிக்கு 20 வேண்டுகோளை முடித்துவிட்டு, முக்கால் பங்கு நேரம் சும்மா சுழன்றுகொண்டிருக்கும்.

எட்டு வட்டில் 640. நான்கு வட்டு கூட்டிய பின் 480. பணம் கொடுத்து வாங்கிய வட்டுகள் பெட்டியை நிதானமாக்கிவிட்டன. திரையில் பன்னிரண்டு பட்டைகளும் பச்சை.

நடுவில் கேஷ் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று இதற்குப் பதில் வரும். திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதைக் கேஷ் பார்த்துக்கொள்ளும். அதைத் தாண்டி வட்டுக்கு வருவது அதே ஆறில் ஒன்று என்ற விகிதத்தில்தான் வரும். இரவு நேரக் காப்புநகலும், வட்டு முழுவதையும் படித்துப் பிழை தேடும் வேலையும் நடக்கும்போது கேஷ் இருந்தும் இல்லாததுபோல்தான்.

இந்த விகிதப் பங்கீட்டை வெளிப்படையாகச் செய்வது செஃப் என்ற சேமிப்பு மென்பொருள். சேஜ் வைலும் கூட்டாளிகளும் 2006-இல் வெளியிட்ட அதன் கிரஷ் முறையில் ஒவ்வொரு வட்டுக்கும் ஓர் எடை உண்டு. ஒரு டெபிபைட்டுக்கு எடை 1 என்பது வழக்கம். இந்த எடை மாற்ற முடியாத விதி என்று நினைத்து அப்படியே விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். அந்த எண் நிர்வாகியின் கையில் இருக்கிறது. மாற்றலாம், அதைப் பின்னால் பார்ப்போம்.

விகிதம் வேண்டாம், எல்லா வட்டிலும் ஒரே அளவு தரவை வைத்தால் என்ன? சுமை சமமாகும், பன்னிரண்டும் சேர்ந்து 960 தரும். ஆனால் சிறியவை 4 டெராபைட்டில் முட்டிவிடும். அதன் பிறகு எழுதுவதெல்லாம் நான்கு பெரிய வட்டுகளுக்கு மட்டுமே போகும். செஃப்பில் ஒரு வட்டு 85 விழுக்காட்டைத் தொட்டால் எச்சரிக்கை, 95-ஐத் தொட்டால் எழுதுவதே நின்றுவிடும். மற்ற வட்டுகளில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் ஒன்று நிரம்பியது போதும், வேலை நிற்க. எனவே சம அளவு என்பதும் தீர்வல்ல. இடத்துக்கு ஒரு சமநிலை, சுமைக்கு வேறொரு சமநிலை. அளவு மாறுபடும் சுழல் வட்டுகளில் இரண்டையும் ஒருசேரப் பெற வழியே இல்லை. ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதை வாங்க வேண்டும்.

பழைய ரெய்டு முறையில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. அங்கே நட்டம் கண்ணெதிரே தெரியும். பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த அந்த முறையில் குழுவின் மிகச் சிறிய வட்டே எல்லா வட்டுக்கும் அளவு. மேற்சொன்ன பன்னிரண்டையும் ஒரே ரெய்டு 6 குழுவாக்கினால் செத்த வட்டின் தரவை மீட்க உதவும் பாரிட்டிக்கு இரண்டு வட்டு போக, பத்து நான்கு 40 டெராபைட். பெரியவற்றில் 12 டெராபைட் வீதம் யாருக்கும் உதவாமல் கிடக்கும். எட்டையும் நான்கையும் தனித்தனிக் குழுவாக்கினால் 24-உம் 32-உம் சேர்ந்து 56. பிரித்து வைத்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்ற இந்தச் சின்ன உண்மை, ஒன்றாகக் கலந்தால்தான் மிச்சம் என்று நம்புகிறவர்களுக்குக் கசக்கிறது.

இரட்டை நகல் வைக்கும் முறைக்குத் தோட்டத்தின் காண்டா வாளி பொருத்தமான படம். கம்பின் இரு முனையிலும் தொங்கும் வாளிகளில் ஒன்று நான்கு மடங்கு பெரிது என்பதால் அதில் நான்கு மடங்கு பால் ஊற்றிவிட முடியாது. மறுமுனை தாங்கும் அளவுக்குத்தான் ஊற்றலாம். பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறையில் 4, 4, 16 டெராபைட் வட்டுகளை இரட்டை நகலில் போட்டால் மொத்தம் 24, பாதி 12 என்று எதிர்பார்ப்பார்கள். கிடைப்பது 8. பெரிய வட்டில் எழுதும் ஒவ்வொன்றுக்கும் வேறொரு வட்டில் இணை வேண்டும். மற்ற இரண்டும் சேர்ந்து 8 டெராபைட் இணையைத்தான் தர முடியும். பெட்டிகள் அளவிலும் இதே கதை. மூன்று சர்வர்கள், சர்வருக்கு ஒரு நகல் என்ற அமைப்பில் பெரிய வட்டுகள் நான்கையும் ஒரே சர்வரில் செருகிவிட்டால் ஒன்றில் 64, மற்ற இரண்டில் 16, 16. பயன்படுவது 16 டெராபைட். கொள்முதல் ஆவணத்தில் 96 என்று எழுதியிருப்பார்கள்.

அடுத்தது, அரே தானே சமன்படுத்திக்கொள்ளும் என்ற நம்பிக்கை. சில முறைகள் செய்யும், சில செய்யாது; செய்பவையும் இனாமாகச் செய்வதில்லை. 2005-இல் சன் நிறுவனம் வெளியிட்ட இசட்எஃப்எஸ் கோப்பு முறையில் புதிய வட்டுத் தொகுதியைச் சேர்த்தால் பழைய தரவு இருந்த இடத்திலேயே இருக்கும். இனி எழுதுவதில் பெரும்பகுதி, காலியிடம் அதிகமுள்ள புதிய தொகுதிக்குப் போகும். 2025 ஜனவரியில் வந்த ஓப்பன் இசட்எஃப்எஸ் 2.3 பதிப்பில் ரெய்டுஇசட் தொகுதிக்கு ஒற்றை வட்டைக் கூட்டி, தரவை அதற்கும் பரப்பும் வசதி வந்தது. அப்போதும் பழைய தரவு பழைய பாரிட்டி விகிதத்தையே வைத்துக்கொள்கிறது. டெல்லோடு போட்டி போட்டு எச்பி 2010-இல் வாங்கிய 3பார் அரேயில் வட்டுகள் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிப் பகிரப்பட்டன. புதிய வட்டு போட்ட பின் பழைய தரவையும் பரப்ப டியூன்சிஸ் என்ற கட்டளையை ஓட்ட வேண்டியிருந்தது. செஃப் தானாகவே நகர்த்தும். அந்த நகர்த்தலும் அதே வட்டுகளின் அதே 80 வேண்டுகோளில்தான் நடக்கும்.

நகர்த்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எடுத்துக்காட்டாக, ஈப்போவில் ஒரு கணக்கர் அலுவலகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மலேசிய வருமான வரிச் சட்டப்படி ஆவணங்களை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். எனவே அங்கே தரவு வளருமே தவிர லேசில் தேயாது. பழைய எட்டு வட்டுகள் நிரம்பும் தறுவாயில் புதிய பெரிய வட்டுகள் நான்கு வருகின்றன. இந்த ஆண்டுக் கோப்புகள் எல்லாம் அவற்றில் விழுகின்றன. ஆறு ஆண்டுக்கு முந்திய ரசீதை எப்போதாவது யாரோ ஒருவர் கேட்பார். இந்த ஆண்டுக் கோப்பை அலுவலகத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் திறப்பார்கள். ஏப்ரல் கடைசியில், வரிப் படிவம் அனுப்பும் நெருக்கடியில், மொத்த அலுவலகமும் நான்கு வட்டுகளின் வாசலில் வரிசை பிடிக்கிறது. பழைய எட்டும் ஓய்வில். இங்கே சுமையின் கோணல் மூன்றில் இரண்டு பங்கோடும் நிற்பதில்லை. ஏறக்குறைய முழுச் சுமையும் புதியவற்றின் தலையில். மேசையில் இருப்பவர்கள் நெட்வொர்க்கைத் திட்டுவார்கள். புது சுவிட்ச் வாங்கவும் யாராவது விலைப்புள்ளி கேட்டிருப்பார்கள்.

வட்டு சாகும் நாளில்தான் விழுக்காட்டின் முழுப் பொய்யும் வெளுக்கும். 4 டெராபைட்டை நொடிக்கு 150 மெகாபைட் வீதம் எழுதி முடிக்க ஏழரை மணி நேரம் போதும். 16 டெராபைட்டை நொடிக்கு 200 வீதம் எழுதினாலும் 22 மணி நேரத்துக்கு மேல். அதுவும் வேறு வேலையே நடக்காதபோது; அலுவலகம் ஓடிக்கொண்டிருந்தால் நாள்கணக்கில் இழுக்கும். மாற்றாகக் காத்திருக்கும் உதிரி வட்டு 4 டெராபைட்டாக இருந்தால் செத்த 16 டெராபைட்டுக்கு அது பிரயோசனமில்லை. உதிரி எப்போதும் குழுவின் மிகப் பெரிய வட்டுக்கு ஈடாக இருக்க வேண்டும். பழைய பெட்டிக்கு வாங்கிய உதிரியை அப்படியே விட்டுவைத்து, பெரிய வட்டுகளை மட்டும் செருகுவது பரவலான தவறு.

தனி உதிரி தேவையில்லை, செத்த வட்டின் தரவை மற்ற வட்டுகளின் காலியிடத்தில் பகிர்ந்து மீட்கும் முறைகள் வேகமானவை என்பது உண்மைதான். அங்கேயும் கணக்குப் பார்க்க வேண்டும். நம் 96 டெராபைட் பெட்டி 80 விழுக்காடு நிரம்பியிருக்கிறது, அதாவது 76.8 டெராபைட் தரவு. சிறிய வட்டு ஒன்று செத்தால் மிச்சம் 92 டெராபைட்; அதில் இத்தரவு 83.5 விழுக்காடு. மூச்சு விடலாம். பெரிய வட்டு செத்தால் மிச்சம் 80 டெராபைட். அதில் இத்தரவு 96 விழுக்காடு. செஃப் 90 விழுக்காட்டைத் தொட்ட வட்டுக்கு மீட்புத் தரவை அனுப்புவதையே நிறுத்திவிடும். 95-இல் எழுதுவது நிற்கும். திரையில் அதே 80, அதே நிறம். எந்த வட்டு சாகிறது என்பதைப் பொறுத்து ஒன்றில் தலைவலி, மற்றொன்றில் கடையடைப்பு.

எஸ்எஸ்டி வகையில் இந்த நம்பிக்கை அவ்வளவு தவறல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே நகர வேண்டிய கை இல்லை. பெரிய எஸ்எஸ்டியில் நினைவுச் சில்லுகள் அதிகம் என்பதால் ஓர் எல்லை வரை வேகமும் கூடும். தேய்மானமும் அளவோடு சேர்ந்தே கணக்கிடப்படுகிறது: நாளுக்கு ஒருமுறை முழுவதும் எழுதலாம் என்ற தகுதியுள்ள 3.84 டெராபைட் எஸ்எஸ்டி நாளுக்கு 3.84 டெராபைட் எழுத்தைத் தாங்கும், 15.36 டெராபைட் அதில் நான்கு மடங்கை. விகிதப்படி நிரப்பினால் இரண்டும் ஒரே வயதில் கிழமாகும். ஆனாலும் இரண்டும் கணினியோடு பேசும் வாசல் ஒன்றே. பிசிஐஇ நான்காம் தலைமுறையின் நான்கு தடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 7 கிகாபைட், உள்ளே எவ்வளவு இருந்தாலும்.

தவறான நம்பிக்கைக்கும் ஒரு பிறந்த வீடு உண்டு. வீட்டிலும் சிறு கடையிலும் வைக்கும் பெட்டிகளில் எந்த அளவு வட்டையும் கலந்து போடலாம் என்றுதான் டிரோபோவும் சினாலஜியும் விற்றன. அது பொய்யல்ல. சினாலஜியின் கலப்பு ரெய்டு 4, 4, 8, 8 வட்டுகளைக் கீழே நான்கு 4-களாகவும் மேலே இரண்டு 4-களாகவும் அடுக்கி 16 டெராபைட் தரும். சாதாரண ரெய்டு 5 அதே வட்டுகளில் 12-தான் தரும். கல்யாணப் படமும் பிள்ளைகளின் காணொளியும் வைக்கும் பெட்டியில் நொடிக்கு எத்தனை வேண்டுகோள் என்று யாரும் எண்ணப்போவதில்லை. அங்கே இடமே எல்லாம். அந்த வீட்டு அனுபவத்தைத் தூக்கிக்கொண்டு நூறு பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு வருவதில்தான் கோளாறு. கொள்முதல் பிரிவும் இதற்கு உரம் போடுகிறது. விலைப்புள்ளியில் டெராபைட்டுக்கு எத்தனை ரிங்கிட் என்ற பத்தி கட்டாயம் இருக்கும். நொடிக்கு இத்தனை வேண்டுகோளுக்கு எத்தனை ரிங்கிட் என்ற பத்தி இருப்பது அபூர்வம். டெராபைட் கணக்கில் பெரிய வட்டு மலிவு. விற்பவர் ஏன் வாயைத் திறக்கப்போகிறார்?

செய்யக்கூடியது என்ன? முதலில், பார்க்கும் பட்டையை மாற்ற வேண்டும். ஒவ்வொரு வட்டும் எத்தனை விழுக்காடு நேரம் வேலையில் இருந்தது, வேண்டுகோள் எவ்வளவு காத்திருந்தது என்பவற்றை லினக்ஸில் ஐயோஸ்டாட் போன்ற எளிய கருவியே வட்டுவாரியாகக் காட்டிவிடும். நெருக்கடியான காலை ஒன்றில் அரை மணி நேரம் அதைக் கவனித்தால் போதும், எந்த வட்டு மூச்சுத் திணறுகிறது என்று தெரிந்துவிடும்.

அதன் பிறகு, ஒரே அளவு வட்டுகளை ஒரே தொகுதியாகப் பிரித்து வைக்கலாம். தரவுத்தளமும் நடப்புக் கோப்புகளும் சிறிய வட்டுத் தொகுதியில், பழைய ஆவணங்களும் காப்புநகலும் பெரிய வட்டுத் தொகுதியில். ஈப்போ அலுவலகத்தின் ஏழு ஆண்டுக் கோப்பில் ஆறு ஆண்டு பெரியவற்றுக்குப் போகும்; ஏப்ரல் நெரிசல் எட்டு வட்டின் 640-ஐப் பெறும். யாருக்கும் பெரிதாகத் தோன்றாத இந்த ஏற்பாடே பெரும்பாலான நடுத்தர நிறுவனங்களுக்குப் போதும்.

கலந்தே தீர வேண்டும் என்றால் எடையைக் குறைக்க வேண்டும். 16 டெராபைட் வட்டை 8 டெராபைட் என்று அரேயிடம் சொன்னால், கணக்கில் மொத்தம் 64, ஒவ்வொரு பெரிய வட்டும் எட்டில் ஒரு பங்கைச் சுமக்கும், எல்லை 640. பெரிய வட்டு வருவதற்கு முன்பிருந்த வேகம் அப்படியே நிற்கும். இடம் இரண்டு மடங்காகும். 4 டெராபைட் என்று சொன்னால் 48 டெராபைட்டும் 960 வேண்டுகோளும். முழு 16 என்றே விட்டால் 96-உம் 480-உம். எது வேண்டும் என்பதை அலுவலகத்தின் வேலைதான் தீர்மானிக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் இயல்பு அமைப்பு தீர்மானிக்கக் கூடாது. வாங்கிய 64 டெராபைட்டில் பாதியைச் சும்மா விடுவதா என்று மேலாளர் கேட்பார். சும்மா விட வேண்டியதில்லை. வட்டின் பிற்பாதியைத் தனிப் பிரிவாக்கி, எல்லோரும் வீட்டுக்குப் போன பின் இரவில் எழுதும் காப்புநகலுக்கு வைக்கலாம், அந்த நகலின் மூலத் தரவு வேறொரு பெட்டியில் இருக்கும்வரை. பகலில் கை முற்பாதிக்குள்ளேயே நகர்வதால், தேடும் தூரம் குறைந்து 80 கொஞ்சம் கூடவும் செய்யும்.

பழைய 4 டெராபைட் வட்டுகள் ஒவ்வொன்றாகச் சாகும்போது அதே அளவில் புதியது கடையில் கிடைப்பது அரிதாகிக்கொண்டே போகும். பெரியதுதான் வந்து உட்காரும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எடையைத் திரும்பக் கணக்கிட வேண்டும். ஒருமுறை போட்டுவிட்டு மறக்கும் எண் அல்ல அது. கடைசிச் சிறிய வட்டும் கழிந்து பன்னிரண்டும் 16 டெராபைட்டாக ஆன அன்று எடையில் வேறுபாடு தேவையில்லை. அப்போது விழுக்காடும் சுமையும் ஒன்றையொன்று ஒத்துப்போகும்: 192 டெராபைட், நொடிக்கு 960 வேண்டுகோள், டெராபைட்டுக்கு 5.